வாரமும் ஆண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தறிக்கூடம், கொலுசுப் பட்டறை, வாரச்சந்தை, வாரத்தவணை, ஏற்காட்டு லாட்ஜ் என்று சேலத்தில் வாரக் கணக்கில் நடக்கும் தொழில்கள் நிறைய. ஆனால் வாடகை மாதக் கணக்கு, கரண்ட் பில் இரண்டு மாதக் கணக்கு, வருமான வரி ஆண்டுக் கணக்கு. வாரத்தை மாதத்துக்கும் ஆண்டுக்கும் மாற்றும் இடத்தில்தான் பணமும் தேதியும் தவறுகின்றன. சட்டைப்பையில் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு சரிபார்க்கத் தோதாக, 2026-ஐ ஒட்டியே உதாரணங்கள் தந்திருக்கிறோம்.

ஓர் ஆண்டில் சரியாக எத்தனை வாரம்?

முழு வாரங்களாக எண்ணினால் 52. ஆனால் 52 × 7 = 364 நாள்தான் ஆகிறது. சாதாரண ஆண்டில் ஒரு நாள் மிச்சம், லீப் ஆண்டில் இரண்டு நாள் மிச்சம். கீழே வரும் எல்லாச் சிக்கலுக்கும் இந்த மிச்சம்தான் வேர்.

அந்த ஒரு நாளால்தான் சாதாரண ஆண்டு எந்தக் கிழமையில் தொடங்குகிறதோ அதே கிழமையில் முடிகிறது. 2026 ஜனவரி 1 வியாழன், டிசம்பர் 31-உம் வியாழன். லீப் ஆண்டு அடுத்த கிழமையில் முடியும்: 2028 சனியில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான நிதியாண்டுக்கும் இதே கணக்குதான்.

ஒரே தேதி ஒவ்வோர் ஆண்டும் வேறு கிழமையில் வருவது ஏன்?

மிச்ச நாள் தேதியை ஒரு கிழமை முன்னே தள்ளுகிறது. மேட்டூர் அணையிலிருந்து குறுவைக்குத் தண்ணீர் திறக்க வழக்கமான நாளான ஜூன் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2025-ல் அது வியாழன், 2026-ல் வெள்ளி, 2027-ல் சனி. 2028-ல் ஞாயிறைத் தாண்டித் திங்களுக்குப் போய்விடும், நடுவில் பிப்ரவரி 29 வருவதால்.

லீப் நாள் பிப்ரவரி கடைசியில் இருப்பதால், இரட்டைத் தாவல் மார்ச் 1 முதல்தான் தெரியும். ஜனவரி, பிப்ரவரித் தேதிகளுக்கு அது அடுத்த ஆண்டில்தான் தெரியவரும். மண்டபம் பதிவு செய்பவர்கள் இதை மறந்து, ‘போன வருஷம் ஞாயிறு, இந்த வருஷம் திங்கள்’ என்று மனக்கணக்குப் போட்டு ஏமாறுவது லீப் ஆண்டில்தான்.

பழைய காலண்டரைத் திரும்ப மாட்டலாமா?

தேதியும் கிழமையும் மட்டும் போதும் என்றால் மாட்டலாம். 2026-க்கு 2015 காலண்டர் அச்சாகப் பொருந்தும்; இதே அமைப்பு அடுத்து 2037-ல் வரும். 2025 காலண்டர் ஆறே ஆண்டில், 2031-ல் திரும்புகிறது. நடுவில் எத்தனை லீப் நாள் விழுகிறது என்பதைப் பொறுத்து, இந்த நூற்றாண்டில் சாதாரண ஆண்டுக்கு 6 அல்லது 11 ஆண்டு இடைவெளி. லீப் ஆண்டுக்கு 28. ஆகவே 2028 காலண்டரை 2056 வரை பத்திரப்படுத்த வேண்டும்.

ராகு காலம், எமகண்டம் கிழமையைப் பொறுத்தவை என்பதால் அவையும் பொருந்தும். அமாவாசை, தீபாவளி, முகூர்த்த நாள் பொருந்தாது. அவை திதியையும் நட்சத்திரத்தையும் பார்த்து வருபவை. பழைய தினசரிக் காலண்டரை வைத்துக் கல்யாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

சனிச்சந்தை ஆண்டுக்கு 52 முறையா, 53 முறையா?

கொங்கணாபுரம் சந்தை சனிக்கிழமை கூடுவது. சாதாரண ஆண்டில் ஜனவரி 1 எந்தக் கிழமையோ அந்தக் கிழமை மட்டும் 53 முறை வரும், மற்ற ஆறும் 52 முறை. லீப் ஆண்டில் முதல் இரண்டு நாள்களின் கிழமைகளும் 53 முறை வரும்.

2026-ல் 53 முறை வருவது வியாழன், 2027-ல் வெள்ளி. 2028 சனியில் தொடங்கும் லீப் ஆண்டு, ஆகவே சனியும் ஞாயிறும் 53 முறை. சனிக்கிழமை கூலி போடும் பட்டறைக்கு அந்த ஆண்டில் ஒரு வாரக் கூலி கூடுதல் செலவு. சுங்க ஏலம் எடுப்பவருக்கோ ஒரு சந்தை கூடுதல் வரவு. ஒப்பந்தம் எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

‘மாதத்துக்கு நாலு வாரம்’ என்று போட்டால் என்ன தப்பு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நாலு வாரம் 28 நாள். அப்படி அமைவது லீப் அல்லாத ஆண்டின் பிப்ரவரி மட்டும். மற்ற மாதங்களில் இரண்டு மூன்று நாள் கூடுதல்; அவை சேர்ந்து ஆண்டுக்கு நாலு வாரம் ஆகிவிடும்.

வாரம் 4,000 ரூபாய் கூலி வாங்கும் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 4,000 × 4 = 16,000 என்று பேசி முடித்தால், ஆண்டுக்கு அவர் கைக்கு வருவது 1,92,000. வாரக் கூலியாகவே வாங்கியிருந்தால் 52 × 4,000 = 2,08,000. வித்தியாசம் 16,000 ரூபாய். ஒரு முழு மாதச் சம்பளம் காணாமல் போகிறது. யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே இது நடக்கிறது. சரியான வழி: வாரக் கூலியை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். 17,333 ரூபாய் வரும். சுருக்கமாகச் செய்ய நினைத்தால் 4.33-ஆல் பெருக்குங்கள்.

வீட்டுச் செலவிலும் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பலன் உண்டு. சனிக்கிழமை கூலி வாங்கும் வீட்டில் 2026-ல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் ஐந்து சனி வருகிறது. வாடகை, சீட்டு எல்லாவற்றையும் நாலு வாரக் கூலிக்குள் அடக்கிவிட்டால், அந்த நான்கு ஐந்தாம் வாரக் கூலிகளை ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் தீபாவளிக்கும் எடுத்துவைக்கலாம். ஜனவரியிலும் மேயிலும் வருவது பள்ளி திறப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடும்.

எந்தக் கிழமை எந்த மாதம் ஐந்து முறை வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

31 நாள் மாதத்தில் 1, 2, 3 தேதிகளின் கிழமைகள் ஐந்து முறை வரும். 30 நாள் மாதத்தில் 1, 2 தேதிகளின் கிழமைகள். 29 நாள் பிப்ரவரியில் 1-ஆம் தேதியின் கிழமை மட்டும். அவ்வளவுதான்.

வாரத்தவணையின் கடைசி நாளை எப்படிக் கணக்கிடுவது?

முதல் தவணைத் தேதியுடன் (தவணை எண்ணிக்கை − 1) × 7 நாளைக் கூட்டுங்கள். 50 வாரத் தவணை, முதல் தவணை 2026 ஜனவரி 5 திங்கள் என்றால், 49 × 7 = 343 நாள் கூட்டினால் டிசம்பர் 14 திங்கள். அதுதான் கடைசித் தவணை. ஒன்றைக் கழிக்காமல் 50 × 7 என்று போட்டால் டிசம்பர் 21 வரும். அட்டையில் ஒரு கட்டம் கூடுதலாக அடித்துவிடுவார்கள், 51-ஆம் தவணையும் வசூலாகிவிடும். அட்டை வாங்கியதும் கட்டங்களை விரலால் எண்ணிப் பாருங்கள்.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் வசூல் இல்லை என்று விட்டால், கடைசி நாள் அத்தனை வாரம் தள்ளிப்போகும். அதற்கு வட்டி சேருமா என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

‘எட்டு நாள்’, ‘பதினைந்து நாள்’ என்பதில் ஏன் குழப்பம் வருகிறது?

நம் வழக்கில் இன்றையும் சேர்த்து எண்ணுகிறோம். இன்று வெள்ளி என்றால் எட்டாம் நாளும் வெள்ளி, பதினைந்தாம் நாளும் வெள்ளி. உண்மையில் நகர்வது 7 நாளும் 14 நாளும்தான். வாயால் பேசும்போது இருவருக்கும் புரிந்துவிடும். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ‘15 நாளுக்கு ஒருமுறை’ என்று நினைவூட்டல் வைத்தால்தான் வம்பு. முதல் முறை வெள்ளியில் அடித்தால் அடுத்தது சனி, அதற்கடுத்தது ஞாயிறு என்று நழுவிக்கொண்டே போகும். 14 என்று கொடுங்கள், அல்லது ‘இரண்டு வாரத்துக்கு ஒருமுறை’ என்று தேர்ந்தெடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது ஆண்டுக்கு 26 முறை. மாதத்துக்கு இரண்டு முறை என்பது 24. சரக்கு வண்டி வாடகையை இதில் எதை நினைத்துப் பேசினோம் என்பதைத் தெளிவாக்காவிட்டால் இரண்டு நடை இடிக்கும்.

மாத காலண்டரில் சில மாதங்களில் 23-உம் 30-உம் ஒரே கட்டத்தில் இருப்பது ஏன்?

ஞாயிறில் தொடங்கும் அச்சில் ஐந்து வரிசைதான் இடம். 31 நாள் மாதம் வெள்ளியிலோ சனியிலோ தொடங்கினாலும், 30 நாள் மாதம் சனியில் தொடங்கினாலும் ஆறாவது வரிசை தேவைப்படும். 2026 ஆகஸ்ட் சனியில் தொடங்குகிறது. ஆகவே 23/30, 24/31 என்று இரண்டு கட்டம் இரட்டையாகும். மே மாதத்தில் 24/31 மட்டும். மாறாக 2026 பிப்ரவரி ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடிந்து, நாலே வரிசையில் அடங்கிவிடுகிறது. இரட்டைக் கட்டத்தில் கீழே நசுங்கிக் கிடக்கும் 30, 31 தேதிகளில் எழுதிய பால் கணக்கும் லீவு கணக்கும்தான் எளிதில் கண்ணுக்குத் தப்பும். காலண்டரில் வரவு குறிப்பவர்கள் அந்த மாதங்களில் பக்கத்து ஓரத்தில் தனியாக எழுதுவது நல்லது.

‘ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வரும் மாதம், 823 ஆண்டுக்கு ஒருமுறை’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பொய். 31 நாள் மாதம் வெள்ளியில் தொடங்கினால் போதும். 2024 மார்ச், 2025 ஆகஸ்ட், 2026 மே எல்லாம் அப்படிப்பட்டவை. 2027-ல் ஜனவரி, அக்டோபர் என்று இரண்டு மாதம். ‘எல்லாக் கிழமையும் நாலே முறை வரும் அபூர்வ பிப்ரவரி’ என்பதும் அதே ரகம். 28 நாள் உள்ள எல்லாப் பிப்ரவரியும் அப்படித்தான்.

ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு மட்டும் இந்தத் தகவலில் உபயோகம் உண்டு. 2026 மே மாதத்தில் ஐந்து முழுச் சனி ஞாயிறு வருகின்றன: 2-3, 9-10, 16-17, 23-24, 30-31. கோடை சீசனும் சேர்ந்திருப்பதால், ஆட்களையும் தண்ணீர் லாரியையும் நாலு வாரத்துக்குப் பேசி வைத்தால் கடைசி வாரம் திண்டாட வேண்டிவரும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நெரியும் நாள்களும் அவைதான்; மலைக்குச் சரக்கு ஏற்றுபவர்கள் அந்த வாரங்களில் வெள்ளி காலைக்குள் ஏற்றி முடித்துவிட வேண்டும்.

ஆடி வெள்ளி சில ஆண்டு நாலு, சில ஆண்டு ஐந்து. ஏன்?

கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஆடி வெள்ளி தவறாமல் விரதம் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலம். ஆனி, ஆடியில் சூரியன் மெதுவாக நகர்வதாகத் தெரியும், அதனால் மாதம் நீளம். ஆடிக்கு 31 நாள், சில ஆண்டுகளில் 32. மார்கழியில் வேகம், ஆகவே 29 அல்லது 30.

மேலே சொன்ன விதியே இங்கும் செல்லும். ஆடி 1 புதன், வியாழன், வெள்ளி இவற்றில் ஒன்றானால் ஐந்து வெள்ளி. ஆடிக்கு 32 நாள் என்றால் செவ்வாயில் பிறந்தாலும் ஐந்து. 2025-ல் ஆடி வியாழக்கிழமை பிறந்தது. ஜூலை 18, 25, ஆகஸ்ட் 1, 8, 15 என்று ஐந்து வெள்ளி கிடைத்தன. புரட்டாசிக்கு 30 அல்லது 31 நாள். புரட்டாசி 1 வெள்ளி அல்லது சனியானால் ஐந்து சனிக்கிழமை நிச்சயம். 31 நாள் என்றால் வியாழனில் பிறந்தாலும் உண்டு.

ஆடிப்பெருக்கு என்ன கிழமை என்று அறிய ஆடி 4-ஐப் பாருங்கள். 18-க்கும் 4-க்கும் இடையே சரியாக இரண்டு வாரம். 2025-ல் இரண்டுமே ஞாயிறு.

தமிழ் ஆண்டிலும் மிச்ச நாள் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கக் கணிதத்தில் ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி (இந்த விநாடி நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று சொச்சம். 52 வாரத்தைக் கழித்தால் 1 நாள் 15 நாழிகை 31 விநாடி மிஞ்சும். போன ஆண்டு சித்திரை பிறந்த கிழமையோடும் நாழிகையோடும் இதைக் கூட்டினால் இந்த ஆண்டுப் பிறப்பு வரும். ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், 15 நாழிகை ஆறு மணி நேரம்.

வார எண் என்றால் என்ன? வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா, திங்களிலா?

நம் காலண்டரில் ஞாயிறு முதலில் நிற்கும். ஏற்றுமதி ஆர்டர்களிலும் வெளிநாட்டு வாங்குபவர்களின் கடிதங்களிலும் வரும் ‘வாரம் 24’ போன்ற எண்கள் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரத்தின்படி அமைந்தவை. அதில் வாரம் திங்களில் தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் விழுகிறதோ அது முதல் வாரம். ஜனவரி 4 எப்போதும் அதற்குள் இருக்கும். வியாழனை வைத்ததற்குக் காரணம், அது வாரத்தின் நடுநாள். ஏழில் நாலு நாளாவது எந்த ஆண்டில் இருக்கிறதோ அந்த ஆண்டுக்கே வாரம் சொந்தம்.

இதனால் ஆண்டு விளிம்பில் தேதிகள் அண்டை ஆண்டுக்குப் போகும். 2025 டிசம்பர் 29, 30, 31 மூன்றும் 2026-இன் முதல் வாரம். 2027 ஜனவரி 1, 2, 3 மூன்றும் 2026-இன் 53-ஆம் வாரம். ஆம், 2026-க்கு 53 வாரம். வியாழனில் தொடங்கும் ஆண்டுக்கும், புதனில் தொடங்கும் லீப் ஆண்டுக்கும் 53 வாரம் உண்டு; இதற்கு முன் 2020, அடுத்தது 2032. நாம் பயன்படுத்தும் ஆங்கிலக் காலண்டரான கிரிகோரியன் காலண்டரின் 400 ஆண்டுச் சுற்றில் 1,46,097 நாள், அதாவது மிச்சமே இல்லாமல் 20,871 வாரம். 400 × 52 = 20,800 போக மீதி 71; ஆக 400 ஆண்டில் 71 ஆண்டுகளுக்கு 53 வாரம்.

கையால் வார எண் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆண்டின் எத்தனையாவது நாள் என்று எண்ணுங்கள். அதிலிருந்து கிழமை எண்ணைக் கழியுங்கள் (திங்கள் 1, ஞாயிறு 7). 10 கூட்டி 7-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள்.

2026 ஜூன் 12: மே வரை 151 நாள், கூட்டல் 12, ஆக 163. வெள்ளிக்கு எண் 5. 163 − 5 + 10 = 168. 168 ÷ 7 = 24. வாரம் 24.

விடை 0 வந்தால் அந்தத் தேதி போன ஆண்டின் கடைசி வாரத்தைச் சேர்ந்தது. 53 வந்தால், அந்த ஆண்டுக்கு 53 வாரம் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அது அடுத்த ஆண்டின் முதல் வாரம்.

எக்செல் காட்டும் வார எண் வாங்குபவர் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லையே?

‘வீக்நம்’ (WEEKNUM) கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஜனவரி 1 விழும் வாரத்தையே முதல் வாரமாக எடுத்து ஞாயிறுதோறும் எண்ணை மாற்றும். 2026 ஜனவரி 4 ஞாயிறு அதில் 2-ஆம் வாரம், ஐ.எஸ்.ஓ. கணக்கில் 1-ஆம் வாரம். அந்த முறையில் 2028 டிசம்பர் 31-க்கு 54 என்றுகூட வரும். ‘ஐ.எஸ்.ஓ.வீக்நம்’ (ISOWEEKNUM) கட்டளையைப் பயன்படுத்துங்கள். எக்செல் 2013 முதல் இருக்கிறது. அதற்கு முந்தைய 2010 பதிப்பில் ‘வீக்நம்’ கட்டளைக்குள் தேதிக்குப் பின் 21 என்று சேர்த்தாலும் அதே விடை.

இன்னொரு கோளாறு ஏற்காட்டுக் காபித் தோட்டப் பதிவேடுகளில் வரக்கூடியது. பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஆண்டைத் தாண்டி ஓடும். வார எண்ணை மட்டும் எழுதினால் 45, 46 … 53, பிறகு 1, 2 என்று போகும். வரிசைப்படுத்தியதும் ஜனவரிப் பறிப்பு நவம்பருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும். ‘2026-45’, ‘2027-01’ என்று ஆண்டை முன்னால் போட்டு, எண்ணை இரண்டு இலக்கமாக எழுதினால் வரிசை குலையாது. அந்த ஆண்டு காலண்டர் ஆண்டல்ல, வாரத்தின் ஆண்டு என்பதை மறக்கக் கூடாது: 2027 ஜனவரி 2 அன்று பறித்தது ‘2026-53’ என்ற வரியில்தான் வரும்.

ஆர்டர் ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் வார எண்ணோடு திங்கள் தேதியையும் எழுதிவிடுங்கள்: ‘வாரம் 24, ஜூன் 8 முதல்’. ஒரு வாரம் தவறினால் கப்பலே தவறிவிடும்.

லாரி டயரில் உள்ள நாலு இலக்க எண் என்ன?

பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கம் டயர் செய்த வாரமும் ஆண்டும். 2325 என்றால் 2025-இன் 23-ஆம் வாரம், அதாவது ஜூன் தொடக்கம். 23-ஐத் தேதி என்றோ மாதம் என்றோ படிக்க வேண்டாம். முதல் இரண்டு இலக்கம் 53-ஐத் தாண்டாது. நாலு இலக்க முறை 2000 முதல் வந்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது அதற்கும் முந்தைய டயர், வாங்கவே கூடாது. சங்ககிரிப் பக்கம் பழைய டயர் வாங்குபவர்கள் உள்பக்கச் சுவரையும் குனிந்து பார்க்க வேண்டும். முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும் பொறிக்கப்பட்டிருப்பது சகஜம்.

காலண்டர் இல்லாமல் கிழமை சொல்ல வழி உண்டா?

மாதத்துக்கு ஓர் எண் மனப்பாடம் வேண்டும். ஜனவரி தொடங்கி வரிசையாக: 0, 3, 3, 6, 1, 4, 6, 2, 5, 0, 3, 5. ஆண்டுக்கும் ஓர் எண்: 2026-க்கு 3, 2027-க்கு 4. தேதி, மாத எண், ஆண்டு எண் மூன்றையும் கூட்டி 7-ஆல் வகுத்தால் மீதி கிழமையைச் சொல்லும். 0 ஞாயிறு, 1 திங்கள், இப்படியே 6 சனி.

2026 ஆகஸ்ட் 15: 15 + 2 + 3 = 20; ஏழால் வகுத்தால் மீதி 6, சனி. 2028-க்கு ஜனவரி, பிப்ரவரியில் 5, மார்ச் முதல் 6 என்று ஆண்டு எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

மிச்ச நாளே இல்லாதபடி காலண்டரைத் திருத்த முடியாதா?

28 நாள் கொண்ட 13 மாதம் என்ற திட்டம் உண்டு. 13 × 28 = 364; மிஞ்சும் ஒரு நாளை எந்தக் கிழமையிலும் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் கோடாக் கம்பெனி 1928 முதல் 1989 வரை உள்கணக்குகளுக்கு இதைப் பயன்படுத்தியது. உலக வழக்கத்துக்கு வரவில்லை, ஏனென்றால் கிழமையில்லாத நாள் வந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாடுகளின் ஏழு நாள் தொடர் அறுந்துவிடும். 1582-ல் கிரிகோரியன் காலண்டருக்கு மாறியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. பத்துத் தேதிகள் போயின. அப்போதும் வியாழனுக்கு அடுத்து வெள்ளிதான் வந்தது.